பதினேழாம் தொட்டி

தொலூக்காப் பள்ளத்தாக்கில் ஜூன் பிறந்தால் மழை ஓய்வதில்லை.
இலைமேல் நிற்கும் ஒரு துளி போதும்,
கருகல் நோயின் வித்து அதில் நீந்தி வந்து
கதவு தேடும்.

எர்மெலிந்தா செத்தினா
சுழியம் முதல் ஒன்பது வரை மதிப்பெண் போடுகிறாள்.
வாரந்தோறும் மருந்தடித்தும் தண்டு கறுத்த
வயல் உருளைக்கு ஒன்பது.
மக்காச்சோளத்தின் நடுவே
களைக்கொத்துக்குத் தப்பி நிற்கும் காட்டு உருளைக்கு
ஒன்று.
கடுகளவு பழுப்புப் புள்ளிகள், அவ்வளவே.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்துவார்களா என்று கேட்போம்.
கொளுத்தும், இந்த இலை.
ஓடக் காலில்லை,
ஊர்சுற்றிக் காவல் காக்க ரத்தமில்லை.
ஒவ்வொரு செல்லும் தன் வாசலில் தானே நின்று,
திருடன் கைவைத்த கணம்
தன்னை எரித்து அவனைப் பட்டினி போடுகிறது.
அந்தச் சாம்பல்தான் கடுகு.

யார் சொல்லித் தந்தார்கள்?
பிரதி எடுக்கையில் ஒரு மரபணு இரண்டாகிவிட்டது.
மூத்தது பழைய வேலையைப் பார்த்தது,
இளையது உளறியது.
லட்சம் மழைக்காலம் உளறியதில்
ஒரு சொல் எதிரியின் பெயராக அமைந்தது.
அவன் பெயரை மாற்றிக்கொண்டான்.
மறுபடி உளறல்.
சில காவலர்கள்
அவனுக்குப் பிடித்த பண்டத்தில் ஒரு துண்டைத்
தம் மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறார்கள்,
கடிக்கட்டும் என்று.

எரிமலையின் தென்சரிவுச் செடியின் பூவில்
வடசரிவின் மகரந்தத்தைத் தடவினாள்.
இரண்டுமே ஒன்று வாங்கியவை.
பதினேழாம் தொட்டியில் முளைத்தது
நான்காம் இலையில் சுருண்டது.
கடுகு. பிறகு இலை முழுக்கக் கடுகு.
கண்ணாடி அறைக்குள் வித்து ஏதும் நுழையவில்லை,
நுண்ணோக்கியில் மூன்று முறை தேடிவிட்டாள்.
தாய்வழிக் காவலன்
தந்தைவழிக் காவலனைத் திருடன் என்று கூவிவிட்டான்.
குறிப்பேட்டில் நோய் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினாள்.
அடுத்த கட்டம் சேதம்: ஒன்பது.

சோற்றுப் பாத்திரம் வைக்க இடம் வேண்டித்
தெயோஃபிலோ தொட்டியைக்
கொதிகலன் ஓரம் நகர்த்தியிருந்தான்.
அங்கே இருபத்தெட்டு டிகிரி.
எட்டாம் நாள் ஒரு புது இலை,
எண்ணெய் தடவியதுபோல், புள்ளியே இல்லாமல்.

சூட்டில் காவலர்கள் கண்ணயர்வார்கள்,
அவளுக்குத் தெரியும்.
வெளியே பதினான்கு டிகிரி. மழை.

பிழைத்துக்கொண்டதா, என்கிறான் வாசலில் நின்று
தொப்பியை உதறியபடி தெயோஃபிலோ.

கதவைச் சாத்து, என்கிறாள்.
சாரல் அடிக்கிறது.