வாடகைக் கொப்பி

என் கொப்பியில் அவர்கள் பெயர் முதலில் வருவது
ஒரு சாமத்திய வீட்டுக்கும்
செட்டிபாளையம் கிரிக்கெட் கழகத்துக்கும் நடுவில்.
மைக் இரண்டு, ஸ்டாண்ட் ஒன்று, மீதி பிறகு.
மீதி இன்னும் வரவில்லை.

அக்கா அபிலோஜினி, கீபோர்ட்.
தங்கை துசாந்தி, கிற்றார்,
அதில் நாலாவது கம்பி எப்போதும் இல்லை.
குழுவுக்கு என்ன பெயர் எழுத என்று கேட்டேன்.
மறுகா, என்றார்கள்.
மறுகா என்ன என்றேன்.
மறுகா ஒண்டுமில்ல அண்ணன், மறுகாதான்.

நாவற்குடா ரியூசன் கொட்டிலில்
வகுப்பு விட்ட பிறகு பழகினார்கள்,
கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு அழியாமல் கிடக்க.
போனில் பதிந்த முதல் பாட்டில்
பக்கத்து வீட்டுச் சேவலும் இருக்கிறது.
கொழும்பு வானொலியிலிருந்து வந்தவர்
வாவி மீனைப் பற்றிப் பாட்டிருக்கா என்றார்.
மீன் தன்ட பாட்டப் பாடட்டும்,
எங்களுக்கு வேற வேல இருக்கு என்றாள் தங்கை.

அந்த வேலை இதுதான்:
கீபோர்ட் வாங்க அம்மா எடுத்த குழுக்கடன்.
ஐந்து பெண்கள், ஆளுக்காள் பிணை.
ஒருத்தி கட்டாத செவ்வாய்க்கிழமை
மற்ற நாலு பேரும் அவள் வாசலில்
விளக்கு வைத்த பிறகும் குந்தியிருக்க வேண்டும்.
அதைப் பாட்டாக்கினார்கள்.
முதலாம் கிழமை ஆயிரத்து இருநூற்று நாற்பது,
இரண்டாம் கிழமை ஆயிரத்து இருநூற்று நாற்பது.
சொற்கள் அவ்வளவுதான்.
மெட்டோ துள்ளி ஆடுகிற மெட்டு.
தவணை வாங்க வருகிற பொடியனின் போனே
அந்தப் பாட்டில்தான் அடித்தது.

பிரதேச செயலகத்து வாசலில் பெண்கள் கூடிய அன்று
இரண்டு கோன் ஸ்பீக்கர் சும்மா கொடுத்தேன்.
தவணைக்காரனுக்கு ஒளித்து
கிணற்றுக்கட்டின் பின்னால் இருந்த புஷ்பவதி அக்கா
அன்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினா.

பிறகு கல்லடிக் கடற்கரை, சித்திரை விழா.
ஒரு இலட்சம் தருவதாகப் பேச்சு.
மேடைக்குப் பின்னால் பதாகை விரித்தபோதுதான் தெரிந்தது
காசு எந்தக் கம்பனியுடையது என்று.
என் வானுக்குள், பெட்டிகளுக்கு நடுவில் சண்டை.
பாடிட்டுக் காச வாங்கி அவங்கட கடனையே கட்டுவம், இது அக்கா.
தங்கை வாயே திறக்கவில்லை, அதுவும் சண்டைதான்.
நான் முழங்கையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்,
சுற்றிய வயரையே திரும்பவும்.

ஏறினார்கள். இரண்டு காதல் பாட்டு.
மூன்றாவதுக்குக் கிற்றார் தொடங்கவில்லை.
அக்காதான்,
கட்டுவம் என்று சொன்ன அதே அக்காதான்,
அம்மாவின் ரோஸ் நிறக் கடனட்டையை விரித்து
திகதி திகதியாக வாசிக்கத் தொடங்கினாள்.

சேர்ட்டை உள்ளே விட்ட ஒருவர்
என் தோளில் கை வைத்தார்.
வானுக்கு இன்னும் முப்பத்தொரு தவணை இருந்தது.
அதுவும் அங்கேதான்.
கட்டையைக் கீழே இழுத்தேன்.
ஒரு விரல் போதும் அதற்கு.

கடல் இரைச்சல் கேட்டது.
அவர்கள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
பின்வரிசையில் யாரோ பெண்
தொள்ளாயிரத்து எண்பது என்றா.
இன்னொருத்தி ஆயிரத்து அறுநூறு.
ஆளுக்கொரு தொகை,
அதனால் சுருதி சேரவேயில்லை.

இலட்சம் வரவில்லை. கடனும் போகவில்லை.
தங்கைக்குப் பொலிஸில் இரண்டு தரம் விசாரணை.
அவர்கள் என்னை ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

போன மாதம் அபிலோஜினி எடுத்தாள்.
வாழைச்சேனையில் கூட்டம், மைக் இரண்டு, ஸ்டாண்ட் இரண்டு.
வாடகை வேண்டாம் என்றேன்.
எழுதுங்க அண்ணன், வாடக எழுதுங்க.
மிக்சரில மட்டும் எங்கட ஆள் இருப்பா.

மறுநாள் புஷ்பவதி அக்கா வந்தா.
கட்டைகளுக்குக் கீழே வெள்ளை நாடா ஒட்டி
பெயர் எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கேட்டா:
இதில எத மனே இறக்கப்படா?