பொருள் எண் இருபத்திமூன்று

தெருவிளக்குக்கும் நாய்க்கடி ஊசிக்கும் நடுவில்
எங்கள் சம்பளம்.
குலசேகரம் பேரூராட்சிக் கூட்டத்தில்
தகரத்தில் மழை இரைந்து
தலைவர் சொன்ன தொகை எனக்குக் கேட்கவில்லை.
“எவ்வளவு சார்?”

சங்கம் உள்ளவர்களோடு மூன்று நாள் பேசினார்கள்.
நாங்கள் பதினொரு பேர்.
பம்பு ஓட்டும் ரசலையன்,
குடிநீர்வரி வாங்கும் ஸ்டெல்லாபாய்,
தட்டச்சுக்கு நான்.

“நாளுக்குப் பதினெட்டு ரூபாய் கூட்டு” என்றார்,
பழம்பொரி எண்ணெயை
நிகழ்ச்சிநிரலில் துடைத்தபடி.
மருத்துவப்படி
அடுத்த கூட்டத்துக்கு.

ஒருமனதாக நிறைவேறியது என்று அடிக்கையில்
‘ஒரு’வுக்கும் ‘மனதாக’வுக்கும் நடுவே
ஓர் இடைவெளி விழுந்துவிட்டது.
அழிக்கவில்லை.

வாசலில் ரசலையன், நனைந்த சாவிக்கொத்தோடு:
“எவ்ளோ கூட்டினாவ?”
சொன்னேன்.
விரல்விட்டுக் கணக்குப் போட்டவன்
பாதியில் நிறுத்தினான்.
“அஞ்சு மணிக்கு வால்வு திறக்கணும்”
என்று மழையில் இறங்கினான்.