நாலு ஐம்பது

அலாரம் என் கைப்பேசியில்தான்.
சுஹைலா எதற்கும் எழமாட்டாள்.
கட்டிலை உதை என்று
தாளில் எழுதியே ஒட்டியிருக்கிறாள்.

உதைப்பேன்.
இருட்டில் சார்டின் டின் திறக்கும் வாசம்.
தம்புனான்காரி ஜொவிதா
தலையணைக்குள்ளிருந்து முனகுவாள்:
"கர்த்தருக்கே இன்னும் விடியலடி."

வெள்ளிதோறும் அம்மா கேட்பாள்,
"கோயிலுக்குப் போனியா?"
"போனேம்மா."
கெலுகோர் பேருந்து
அந்த வழியாகத்தான் போகிறது.

எந்தச் சாமியிடமும் எனக்குக் கணக்கில்லை.
ஆனாலும் அந்த மாதம் முழுக்க
ஒருத்தியின் நோன்பு
என் குதிகாலில் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள்
விடிய விடியப் படித்த அசதியில்
அலாரத்தை நசுக்கிவிட்டுத் தூங்கிப்போனேன்.
எழுப்பியது பாங்கு.
அவள் ஒரு சொல் சொல்லவில்லை.
தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாள்,
மூடியபடியே வைத்தாள்.

மூன்று மணி ஆய்வகத்தில்
பியூரெட்டைத் திருகிய அவள் விரல் நடுங்கியது.
ஒரு சொட்டு கூடிவிட்டது.
கண்ணாடிக் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு.

மதியம் நானும் சாப்பிடவில்லை.
அதை விரதம் என்று சொல்ல
வாய் வரவில்லை.

ஏழரைக்குப் பேரீச்சம்பழம் ஒன்றை
இரண்டாகப் பிய்த்து நீட்டினாள்.
கொட்டை
என் பாதியில் இருந்தது.