பத்து நாள் வெயில்

கடற்கரைக் கிளையிலிருந்து மாற்றல்.
இந்த மலை உயரத்தில்
அரிசிகூட முழுசாய் வேக மறுக்கிறது.

ஞாயிற்றுச் சந்தையில் மூன்று குவியல்.
விரல் மூட்டுகளாய் மடிப்பு விழுந்த சிவப்பு.
மெழுகு பூசினாற்போல் ஒரு மஞ்சள்.
முகர்ந்தால் முள்ளங்கி நெடியடிக்கும் கூம்பு.
பெயர் கேட்டேன்.
குமெர்சிந்தா சொல்லச் சொல்ல
பணம் செலுத்தும் சலானின் பின்புறம் எழுதிக்கொண்டேன்:
ஓக்கா, ஒயுக்கோ, மாஷுவா.
எந்தப் பெயர் எதற்கென்று எழுத மறந்தேன்.

மஞ்சள் கத்தியில் வழுவழுத்தது.
கூம்பு மூக்கில் ஏறியது.
"ஆம்பிளைங்க அதைத் தொடமாட்டோம்" என்று சிரித்த
காவலாளி வெலார்தே காரணம் சொல்லவில்லை.
சிவப்பு மட்டும்
இரண்டாம் நாளும் பல் கூசவைத்தது.

அடுத்த ஞாயிறு முறையிட்டேன்: புளிக்கிறது.
"வெயில் காட்டினாயா?" என்றாள்
சில்லறையை எண்ணியபடி.
"தோல் சுருங்கட்டும். பத்து நாள்."

என் அறைக்கு வெயில் வராது.
வங்கியில் வரும்,
கடன் பிரிவின் சன்னல் திட்டில்.
பரப்பி வைத்தேன், மேலாளர் விடுப்பில் இருந்ததால்.

வரிசையில் நிற்பவர்கள்
யாரும் சொல்லாமலே
ஆளுக்கு ஒன்றைப் புரட்டிப்போட்டார்கள்.
ஆறாம் நாள் நான் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பிய
ஹெர்மோஹெனெஸ்
கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.
நிழலில் கிடந்த நான்கைந்தை
வெளிச்சத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் வேகவைத்தேன்.
இனிப்புதான்.
உப்புகூடத் தேவைப்படவில்லை.
தட்டில் பாதி மீதமிருக்கிறது,
அவருடைய கோப்பு
இன்னும் என் மேசையில்.