எதிரே

விடிய இன்னும் நேரமிருந்தது.
அறுநூற்றுப் பதினேழாம் புளோக்கின் கீழ்த்தளத்தில்
தரையெங்கும் மெழுகு.
வியாழன்வரை அங்கே ஒரு சீனச் சாவு.
நகரமன்றத்து ஆள் கழுவிவிட்டார் என்றார்கள்.
கழுவித்தான் இருந்தார்.
சியூ ஹூன் வீட்டுச் சாவியால் சுரண்டினாள்,
நான் பள்ளிக்கூட அடிக்கோலால்.

மறைப்பு அட்டைகள் ஆறு வர வேண்டும், ஐந்துதான் வந்தன.
சக்கர நாற்காலிக்கான சரிவுப் பலகை
படியைவிட இரண்டு விரற்கடை குட்டை.
தபால்பெட்டிப் பக்கம் சாரல்.
இவற்றையெல்லாம் எழுதப் படிவத்தில் இடம் உண்டு:
'இதர குறிப்புகள்'
ஒரே ஒரு கோடு.

முத்திரைப் பேனாக்கள் முதல் குத்தில் மங்கின.
புறங்கையில் குத்திக் குத்திச் சரிபார்த்தேன்.
ஆண்டு முழுக்கப் பிள்ளைகளின் தாள்களில்
தப்புக்கு நான் போடும் அதே பெருக்கல்,
இன்று என் தோலில், கறுப்பில், ஐந்து.

எட்டு மணிக்குத் திறந்தோம்
கதவே இல்லாத அந்த வாக்குச்சாவடியை.

மழை. குடைகள் வரிசையாக நின்று சொட்டின.
ஒருவர் கண்ணாடியை மறந்து மேலே போனார்.
மின்தூக்கி ஏழாம் மாடியில் நின்றுவிட
படியிறங்கி வந்து எங்களைத் திட்டினார், நியாயந்தான்.
சீட்டில் இரண்டு வேட்பாளர் படங்களும்
அச்சில் கறுத்து அண்ணன் தம்பியாக இருப்பதாக
ஒரு பெண் சிரித்தாள்.
அதற்குப் படிவத்தில் கோடுகூட இல்லை.

பதினொன்றரைக்கு வேதவல்லி.
பெயரையும் எண்ணையும் உரக்க வாசித்தேன்.
சமையற்கூடத்தில் இரவு வேலை,
தலைவலை நெற்றியில் பதித்த கோடு அழியவில்லை.
போன வருசந்தான் குடியுரிமை, முதல் ஓட்டு என்றாள்
கேட்காமலே.
சீட்டைத் தாம்பூலம்போல இரு கையிலும் வாங்கினாள்.

மறைப்புக்குள் நெடுநேரம் நின்றாள்.
பிறகு பெட்டியில் போட்டுவிட்டு
வெளியே போகும் வழியில் என்னருகே குனிந்து,
நான் கை காட்டித் தடுப்பதற்குள்,
"வேணாம்னு நெனச்ச ஆளுக்குப்
பளிச்சுனு பெருக்கல் போட்டாச்சுங்க."

சுவரைப் பார்த்தேன்.
நான்கு மொழிகளில் அறிவிப்பு.
நம் மொழியில்:
'உங்கள் வேட்பாளருக்கு எதிரே முத்திரையிடவும்.'

எதிரே.
பக்கத்தில் என்று நினைத்து எழுதியிருப்பார் யாரோ,
குளிரூட்டிய அறையில்,
அகராதி பார்த்துக்கூட இருக்கலாம்.
காலையில் அதை ஒட்டியவள் நான்.
நான்கு மூலையும் தூக்காமல்
நாடாவை விரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன்.
படிக்கவில்லை.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால், போட்டது யாருக்கென்று கேட்டதாகும்.
பெட்டியின் வாய் குறுகல்,
போனது திரும்பாது.
அவள் குடையை விரித்து
நனைந்த புல்தரையைக் குறுக்கே கடந்து
பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்,
யாரையோ தோற்கடித்துவிட்ட நடை.

அதன்பின் வந்த தமிழர் ஒவ்வொருவருக்கும்
தேவைக்கு அதிகமாகவே விளக்கினேன்.
சியூ ஹூன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

இரவு எட்டுக்குப் பெட்டியை மூடி முத்திரையிட்டோம்.
கிறுக்கியவை, இரண்டிலும் குத்தியவை,
வெறுமனே மடித்தவை
இவற்றைச் செல்லாது என்று ஒதுக்க
எண்ணுமிடத்தில் தனித் தட்டு இருக்கும்.

அவளுடையது செல்லும்.
கோணாமல், கட்டத்துக்குள், மை பரவாமல்,
நூற்றுக்கு நூறு.

வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
புறங்கையில் மூன்று போயின.