இருபத்தொன்பது பல்

பேராற்றுச் சேற்றில் வயிறு தட்டி
இரண்டு மாரி இறுகி நின்ற பிறகுதான்
பெரிய ரயர் போட்டேன்.
யானை மிதித்த குழிகளையும்
பால்கான் தளும்பாமல் கடந்தது என் பிக்கப்.
அன்றைக்கே அது
குறைத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

கண்டுபிடித்தது பொலிஸ்காரர்.
கரிப்பட்டமுறிப்பு வளைவில், பாலைமர நிழலில்,
கையிலிருந்த கருவியைத் திருப்பிக் காட்டினார்:
எழுபத்தைந்து.
ஊசியை எழுபதுக்குமேல் விடாமல் வந்தவள் நான்.
"மீற்றரைப் பாருங்கோ சேர்" என்றேன்.
எட்டிப் பார்த்தார்.
நின்ற வாகனத்தில் அது பூச்சியம் காட்டியது.
சாரதி என்ற இடத்தில் ஒருக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு
பவளராணி என்று எழுதினார்.

மாங்குளம் றோட்டில்
கிலோமீற்றர்க் கல்லுகளை எண்ணிக்கொண்டு ஓடினேன்.
எட்டில் தொடங்கி ஒன்பது, பத்து, பதினொன்று.
பன்னிரண்டைக் காணவில்லை.
அடுப்புக்கோ, பங்கர் வாசலுக்கோ போயிருக்கும்.
அந்த வருசங்களில்
எல்லாக் கல்லுக்கும் வேறு வேலை இருந்தது.
பதினெட்டில் நிறுத்தினேன்.
கல்லுகள் பத்து என்றன.
மீற்றர் ஒன்பது தசம் மூன்று என்றது.

"சில்லு எத்தினை தரம் சுத்தினதெண்டுதான்
அதுக்குத் தெரியும்.
சில்லு வளர்ந்தது தெரியாது" என்றான் ஜெறோம்.
ரயரில் சோக்கால் ஒரு கோடு, நிலத்தில் ஒரு கோடு.
ஒரு சுற்று உருட்டி
கோடு திரும்ப மண்ணைத் தொட்ட இடத்தில் இன்னொன்று.
இருநூற்று முப்பது சென்ரிமீற்றர்.
பழைய ரயர் கராஜின் பின்வளவில் கிடந்தது,
உள்ளே கோழி அடைகிடந்தது.
அதை எழுப்பாமல் கயிறு சுற்றி அளந்தோம்.
இருநூற்றுப் பதினைந்து.
முட்டை எத்தனை என்று இருவரும் கேட்கவில்லை.

கியர்பெட்டியின் பக்கத்தில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பல்லுச்சில்லு.
முப்பத்தொரு பல்.
அதைக் கழற்றி இருபத்தொன்பது பல் போட்டால்
கணக்கு ஒத்துவரும்.
வவுனியாப் பழைய சாமான் கடையிலிருந்து
அது வர எட்டு நாள்.

அந்த எட்டு நாளும் மட்டையில் பெருக்கிப் பார்த்தேன்.
ரயர் மாற்றிய பிறகு மீற்றர் ஓடியது
பதினாலாயிரத்து முந்நூறு.
நான் ஓடியது பதினையாயிரத்து முந்நூறு.
ஒட்டுசுட்டான் பால் நிலையத்துக்கு
கிலோமீற்றருக்கு இவ்வளவு என்றுதான் எனக்குக் கூலி.
கணக்கர் ரெஜினோல்ட் மட்டையை இரண்டு தரம் வாசித்தார்.
பெருக்கல் சரியாம்.
"ஆனால் அக்கா, மீற்றரில் இல்லாத தூரம்
ஓடாத தூரம்."

ஓடாத தூரத்துக்கு
டீசல் யார் அடித்தது?

படுத்தபின்தான் அது நினைவுக்கு வந்தது.
தை மாதத்து இரவு.
முத்தையன்கட்டுத் தயாளினி முன்சீற்றில்
என் தோளைப் பிடித்துக் கத்த
ஒலுமடு தாண்டி
சரியாக ஆறாவது கிலோமீற்றரில் பிள்ளை பிறந்தது.
இலக்கத்தை நான்தான் பார்த்துச் சொன்னேன்.
முதிரைக்காடு, கும்மிருட்டு,
ஒரு சீவனும் இல்லாத இடம் என்று
அவள் ஊரெல்லாம் சொன்னாள்.
வனமதி என்று பெயரும் வைத்தாள்.
ஆறை ஒன்று தசம் பூச்சியம் ஏழால் பெருக்கினேன்.
நானூறு மீற்றர் தள்ளிப் போகிறது.
அங்கே காடு முடிந்துவிடும்.
வேலி இருக்கும், வாழை இருக்கும்,
முதல் வீட்டு விளக்கும் இருக்கும்.
விளக்கை எப்படிக் காணாமல் விட்டோம்?
நான் றோட்டைப் பார்த்தேன்.
அவள் கண்ணை மூடியிருந்தாள்.

இப்போது இருபத்தொன்பது பல்.
கல்லும் ஊசியும் ஒத்துப்போகின்றன.
எழுபதில் போனால் மரங்கள்
முன்னையைவிடக் கொஞ்சம் ஆறுதலாகப் போகின்றன.
பாலைமர நிழலில் பொலிஸ்காரர்
கருவியை உயர்த்தி, பார்த்து, இறக்கினார்.
தண்டக்காசு தண்டக்காசுதான்.

காலையில் தயாளினி கானைத் தூக்கித் தருகிறாள்.
பிள்ளை இடுப்பில்,
ஒரு கையால் என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கிறது.
"காட்டுக்க பிறந்ததெல்லே, அடங்காது.
என்ன அக்கா?"

மூடியை இறுக்கிக்கொண்டு
ஓம் என்கிறேன்.