சக்கரம்

வாஷிங்டன் என்றால் இங்கே ஊரல்ல.
மொந்தெவிதேயோவில் அது ஆள் பெயர்.
என் புருஷன் பெயர்.
அதிகாலை மூன்றரைக்கு ரொட்டிக்கடை அடுப்பு மூட்டப் போகிறவன்,
அதனால் எட்டு மணியிலிருந்தே தூக்கத்துக்குக் கடன்பட்டவன்.

லேப்டாப் எங்கள் இருவருக்கும் ஒன்று.
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது.
கொசுறாக ஒரு குழாய்ச்சாவியும் கிடைத்தது.
அதன் முன்விளிம்பில்
பாதி புதைந்த நாணயம் மாதிரி ஒரு சக்கரம்.
அதன் பற்கள் விரலுக்குத் தெரியும்.
அதைத் திருகினால் சத்தம் ஏறும், இறங்கும்.

திரையிலும் ஒன்று உண்டு.
மூலையில் குட்டி ஒலிபெருக்கிப் படம்,
தொட்டால் நீளும் கோடு,
கோட்டில் வழுக்கும் குமிழ், பக்கத்தில் ஓர் எண்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
சக்கரத்தை அடிவரை இறக்கி
வீடே ஊமையானாலும்
திரை நூறு என்றுதான் சொல்லும்.
பொய் சொல்கிறோம் என்றே அதற்குத் தெரியாது.

நான் அச்சகத்தில் பதினாறு வருஷம்.
இடது காதை மடிப்பு இயந்திரம் தின்றுவிட்டது.
மிச்சமிருக்கும் காதுக்கு ஆட்ட வர்ணனை வேண்டும்.

படுக்கப் போகிற வழியில் அவன்
குமிழை இடப்பக்கம் இழுப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான்.
கதவு சாத்தியதும் நான்
சக்கரத்தை ஒரு பல் ஏற்றுவேன். நானும் சொல்ல மாட்டேன்.
மார்ச்சில் எழுபது. ஈஸ்டர் வாரத்தில் நாற்பத்தொன்று.
குளிர் இறங்கியபோது எட்டு.
அதற்குள் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது.

இவ்வளவு விவரமாக
நாங்கள் வேறெதைப் பற்றியும் பேசியதில்லை.

ஆனாலும் பழைய குரல் திரும்பவில்லை.
திரையில் குறைப்பது குழாயை மூடுவது போலல்ல.
அது எண்களை உதிர்க்கிறது,
மெல்லியவற்றை முதலில்.
உதிர்ந்தது போக மிச்சத்தைச் சக்கரத்திடம் தள்ளுகிறது.
சக்கரம் பாவம், வந்ததைப் பெருக்கும்,
வராததை எங்கே போய்த் தேடும்?
கூடவே தன் பக்கத்து இரைச்சலையும் பெருக்கும்.
சாரம் போன மாத்தே இலையில்
திரும்பத் திரும்பச் சுடுநீர் ஊற்றியதுபோல் ஒரு வர்ணனை:
ஆட்டக்காரர் பெயர் கேட்டது,
சொன்னவரின் மூச்சு கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், இரவு இரண்டு நாற்பது.
யாரையும் கேட்காமல்
லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
அணைந்தது. எழுந்தது. எட்டை மறந்தது.
புதிதாய்ப் பிறந்ததற்கு நூறைத் தவிர என்ன தெரியும்?
சக்கரமோ எதையும் மறக்கவில்லை,
நான் விட்ட இடத்திலேயே நின்றது.
பாதியில் நிறுத்தியிருந்த ஞாயிற்று ஆட்டம்
தானாகத் தொடர்ந்தது:

கோல்ல்ல்ல்ல்ல்ல்ல்ல்

அலமாரியில் கண்ணாடிகள் பல் நடுங்கின.
கீழ்வீட்டு நாய் குரைக்க மறந்து ஊளையிட்டது.
எதிர் மாடியில் விளக்கு, அதற்கு மேல் இன்னொன்று.
யாரோ தூக்கத்திலேயே கைதட்டினார்.
உள்ளாடையோடு ஓடிவந்த வாஷிங்டன்
திரையில் அம்பைத் துழாவினான்,
அது எங்கோ ஒளிந்துகொண்டது.
நான் திரையைப் பார்க்கவே இல்லை.
கட்டைவிரலுக்கு இருட்டில் வழி தெரியும்.

அமைதி.
அவன் நூறைப் பார்த்தான்.
பிறகு என் விரலை, அது நின்ற இடத்தை.
"எத்தனை நாளாய்?" என்றான்.
"நீ?" என்றேன்.

அடுப்புக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.
யாரும் தூங்கவில்லை.
தண்ணீர் கொதிக்க வைத்தேன், புது இலை போட்டேன்.

இப்போது திரை நூறிலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.
சக்கரத்தில் என் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி.
அதுவரை அவனுக்குத் தூக்கம் வரும்.
சில இரவுகளில் நான் தாண்டுகிறேன்.
உள்ளிருந்து இரண்டு முறை இருமுகிறான்.

மூன்றாம் மாடி தோன் எவுலோஹியோ
படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.
"அன்றிரவு யார் ஜெயித்தது, நேலிதா?"
"சமன்" என்றேன்.
"அதற்கா இவ்வளவு சத்தம்?" என்று
கைப்பிடியைப் பிடித்தபடி மேலே போனார்.